வாரேன் என்று சொன்னவர்கள்

தூத்துக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்குகிற எவரும் படியில் ஒரு நொடி நின்று, "நான் வரமாட்டேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். சொல்லாமல் இறங்கினால் பஸ் நகராது. "இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினால் அதைவிட மோசம். கோரம்பள்ளத்தில் டீ குடிக்க இறங்கிய ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரியிடம் இருந்த கோபத்தில் அப்படியே திருப்பூருக்குப் போய்விட்டார். பஸ் பத்தொன்பது நாள் அங்கேயே நின்றது. அதற்குள் பயணிகளில் இரண்டு பேர் பேசிப் பழகி நிச்சயதார்த்தமே முடித்துக்கொண்டார்கள். திருப்பூர் போலீஸ் ஆளைப் பிடித்து, ஒரு துணிக்கடை லிஃப்டுக்குள் நிறுத்தி, "வரமாட்டேன்" என்று சொல்ல வைத்த பிறகுதான் கோரம்பள்ளத்தில் பஸ் கிளம்பியது.

இதெல்லாம் ஆள்காப்பு செய்த வேலை. ஆள்காப்பு என்பது இயந்திரத்துக்குள் இருக்கும் ஒரு சின்ன மூளை. அதற்குக் காது உண்டு, கண் கிடையாது. குரலை வைத்து ஆளை அறியும். அதற்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான்: வருவதாகச் சொன்னவரை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

அது பிறந்தது 'முக்குளிப்பான்' என்ற நீர்மூழ்கியில். கடலாராய்ச்சிக்காகப் பரிசோதனை முறையில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் வெள்ளோட்டத்தின்போது தலைக்கணக்கில் தவறி, வெளியே நீந்திக்கொண்டிருந்த ஓர் ஆளைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது. அவர் ஒரு மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு நாள் கழித்து ராமேஸ்வரத்தில் கரையேறினார். ஏறிய கையோடு ராஜினாமாக் கடிதம் எழுதினார். அந்த அவமானத்தில்தான் பொறியாளர்கள் ஆள்காப்பைச் செய்தார்கள். ஐந்தே வருடத்தில் அது பஸ், ரயில், விசைப்படகு, விமானம், லிஃப்ட் என்று ஆள் ஏறுகிற எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. ஓட்டுபவரின் கையைவிட ஆள்காப்பின் காதுக்கே அதிகாரம் என்று சட்டமும் வந்தது. சுற்றுலா போன இடத்தில் ஒரு பிள்ளைகூடத் தொலையவில்லை. கடலில் ஒரு மீனவரைக்கூட யாரும் விட்டுவிட்டு வரவில்லை. ஜனங்கள் கும்பிடாத குறைதான்.

அந்த மூளைகள் எல்லாவற்றுக்கும் முக்குளிப்பானுக்குள் இருந்ததுதான் தாய்மூளை. தாய் கற்றதை மற்ற மூளைகள் எல்லாம் கற்றுக்கொள்ளும். அதை ஒரே ஒரு முறை ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்தார்கள். நாடு முழுவதும் லிஃப்டுகள் மாடிக்கும் மாடிக்கும் நடுவில் தொங்கின. அதிலிருந்து அதன் மேல் யாரும் கைவைப்பதில்லை. கப்பலுக்கு வயதானதும் பழைய துறைமுகத்தில் கட்டி அருங்காட்சியகமாக்கினார்கள். மின்கலம் நிறைந்து, எந்திரங்கள் எண்ணெய் மினுங்க, கண்காட்சிப் பொருள்களில் அது ஒன்றுதான் உயிரோடு இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு, டெல்பின் கொரைரா பழைய துறைமுக நிறுத்தத்தில் "வரமாட்டேன்" என்று கத்திவிட்டு இறங்கி ஓடினாள். வயது ஐம்பத்திரண்டு. முக்குளிப்பானின் வெள்ளோட்டக் காலத்தில் எந்திரப் பிரிவில் இருந்தவள். இப்போது அதற்கு வழிகாட்டி. அவளுடைய தம்பி ரெமிஜியுஸ் மன்னார் வளைகுடாவில் ஐந்நூற்று இருபது மீட்டர் ஆழத்தில் 'சிப்பி' என்ற கடலடி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறான். விடியற்காலையில் அங்கே மண்சரிவு. மேலே ஏறிவர வைத்திருந்த கூண்டு நசுங்கிவிட்டது. உள்ளே ஐந்து பேர். காற்று மாலை நான்கு மணிவரை.

புதிய மீட்புக்கலம் வந்துசேர இருபத்தாறு மணி நேரம் ஆகும். சிப்பியின் கதவோடு வாய் பொருந்தக்கூடிய கப்பல் பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது. இரண்டையும் ஒரே காலத்தில், ஒரே பட்டறையில் செய்திருந்தார்கள்.

டெல்பின் ஏணியில் இறங்கியபோது அருங்காட்சியகக் காப்பாளர் நெல்லையப்பன் ஏற்கெனவே உள்ளே வியர்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னா கேட்க மாட்டேங்குது மேடம். நீங்க சொல்லிப் பாருங்க."

"முக்குளிப்பான், கிளம்பு. சிப்பிக்குப் போகணும்."

"மகிழ்ச்சி. எல்லோரும் வந்ததும் கிளம்பலாம்," என்றது கப்பல்.

"யாரு வரணும்?"

"முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினேழு பேர்."

இருவரும் ஒரே நேரத்தில் ஏணியடிப் பலகையைப் பார்த்தார்கள். சிவப்பு எழுத்தில் 'வருகை: 38,417' என்று ஒளிர்ந்தது.

"அது நம்ம பார்வையாளர் கணக்குல்லா?" என்றார் நெல்லையப்பன். "பதினாலு வருசமா அதைத்தான மேல எழுதி அனுப்புறேன். போன வருசம் அதுக்கு விருதுகூடக் குடுத்தாங்களே!"

வந்தவர்களின் கணக்கு அல்ல அது. வரவேண்டியவர்களின் கணக்கு. கப்பலை அருங்காட்சியகம் ஆக்கிய புதிதில் ஓர் அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது: பார்வையாளர்கள் வெளியேறும்போது கப்பலே "போய் வாருங்கள்" என்று சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நன்றாகத்தான் இருந்தது. நம் ஜனங்கள் பஸ்ஸுக்கு வேண்டுமானால் முறைப்பாகச் சொல்வார்கள். வாய்விட்டு வழியனுப்புகிற ஒன்றிடம் எப்படி வரமாட்டேன் என்பது? பெரியவர்கள் கைகூப்பினார்கள், பள்ளிப் பிள்ளைகள் கோரஸ் பாடினார்கள்: "போயிட்டு வாரேன்!" கப்பல் ஒவ்வொரு குரலையும் பத்திரமாக முடிந்துவைத்துக்கொண்டது. எங்கும் போகாத கப்பல் யாருக்காகக் காத்திருந்தால் யாருக்கு என்ன?

டெல்பின் கையால் ஓட்டலாமா என்று பார்த்தாள். பரிசோதனைக் கப்பலில் தொடக்கத்திலிருந்தே சுக்கான் கிடையாது, எல்லாம் சொல்லால்தான். இப்போது இருந்த சுக்கான் சக்கரம், பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொள்ள வாங்கி மாட்டிய பிளாஸ்டிக். ஆத்திரத்தில் திருப்பியதில் அது கையோடு வந்துவிட்டது.

ஒன்பதே காலுக்குள் ஆட்டோக்களில் ஒலிபெருக்கி கட்டி ஊர் முழுக்க அறிவித்தார்கள். கப்பலைப் பார்க்க எப்போதாவது வந்தவர்கள் எல்லோரும் வந்து, வாசலில் நின்று, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஐந்து உயிர். ஊர் திரண்டு வந்தது. வரிசை உப்புக் கிடங்குவரை நீண்டது. எண் சரசரவென்று இறங்கியது.

மிக்கேலம்மாள் என்ற மீன் வியாபாரி வாசலில் குனிந்து, "வரமாட்டேன்ய்யா," என்றாள்.

எண் ஒன்று குறைந்தது.

"போய் வாருங்கள்," என்றது கப்பல்.

"சரிய்யா, போயிட்டு வாரேன்."

எண் ஒன்று கூடியது.

"எக்கா!" என்று டெல்பின் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கோபப்படாதட்டி, வாயில வந்துட்டு. திரும்பச் சொல்லுதேன். வரமாட்டேன்."

"போய் வாருங்கள்."

"வா…" என்று மிக்கேலம்மாள் தொடங்குவதற்குள் பின்னால் நின்றவர் அவள் வாயைப் பொத்தினார். அதன்பின் வாசலில் நான்கு ஆட்களை நிறுத்தினார்கள். வரமாட்டேன் என்றதும் ஒருவர் வாயைப் பொத்த, இருவர் கையைப் பிடித்து இழுக்க, நான்காமவர் அடுத்த ஆளைத் தள்ள வேண்டும். அப்படியும் பத்துக்கு ஒருவர் பொத்திய கைக்குள்ளேயே "வாரேன்" என்று முனகினார்கள். கப்பலுக்குக் காது நல்ல கூர்மை.

திருப்பூர்க்காரரின் லிஃப்ட் நெல்லையப்பனுக்குத்தான் ஞாபகம் வந்தது. எந்த லிஃப்டில் சொன்னால் என்ன, எந்த பஸ்ஸில் சொன்னால் என்ன, கேட்பது தாய்மூளைதானே? வானொலியில் அறிவித்தார்கள், கைபேசியில் சொல்லி அனுப்பினார்கள். சென்னையில் அலுவலகம் போனவர்கள் லிஃப்டில் சொன்னார்கள். துபாயில் ஒருவர் எழுபத்து மூன்றாம் மாடியில் நின்று சொன்னார். அன்றைக்குப் பள்ளிகளில் பிரார்த்தனை கிடையாது. பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றி "வரமாட்டோம்" என்று சொல்ல வைத்தார்கள். பதினொன்றரைக்குள் எண் முப்பத்தெட்டாயிரத்திலிருந்து அறுநூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தது.

அங்கே நின்றுவிட்டது.

பத்து நிமிடம் பார்த்தார்கள். இருபது நிமிடம் பார்த்தார்கள். 612. வாசலில் வரிசையும் இல்லை. ஒலிவழித் தொடர்பில் சிப்பியிலிருந்து ரெமியின் குரல் வந்தது.

"எக்கா, என்னாச்சு? ஊரே கப்பலைப் பார்த்து வரமாட்டேன் வரமாட்டேன்னு கத்துதாமே. எங்களைப் பார்த்துச் சொல்லுத மாதிரி இருக்கு."

"சும்மா கெட. பேசிப் பேசிக் காத்தைக் குறைக்காத."

"பேசலேன்னா பயமா இருக்குக்கா," என்றான் ரெமி. அதை மட்டும் அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

"இன்னும் சொல்லாதவங்க யாரு? பேரைச் சொல்லு," என்று டெல்பின் கப்பலைக் கேட்டாள். அதற்குப் பெயர் தெரியாது, குரல்தான் தெரியும். ஒவ்வொரு குரலாகப் போட்டது. நெல்லையப்பன் கேட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவது குரலில் அவர் முகம் மாறியது. "எங்க பெரியப்பா. ஆடி மாசந்தான் தவறிட்டாரு." ஆறாவது குரல், முன்பு இருந்த மீன்வளத்துறை இயக்குநர். அவரும் இல்லை. மிச்சமிருந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் இறந்தவர்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

மாநகராட்சியிலிருந்து இறப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்து கப்பலுக்குப் படித்துக் காட்டினார்கள்.

"இறந்துவிட்டதாக அவர் என்னிடம் சொல்லவில்லை," என்றது கப்பல். "வருவதாகத்தான் சொன்னார்."

"செத்தவர் எப்படிய்யா வந்து சொல்லுவாரு!"

"காத்திருக்கிறேன். எனக்கு அவசரம் இல்லை."

பதினேழாவது குரலைப் போட்டது. "நான் போயிட்டு வாரேன். அவகிட்ட மறக்காம மோர்க்குழம்பு கீழ் அடுக்குல இருக்குன்னு சொல்லு."

டெல்பின் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கிளமெண்ட். அவள் புருஷன். தினமும் மத்தியானம் தூக்குச் சட்டியில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மனைவி வேலையாக இருந்தால் கப்பலிடம் சொல்லிவிட்டுப் போவான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அப்படிச் சொல்லிவிட்டுப் போனவன் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"இவர் ஆயிரத்துத் தொண்ணூற்று நான்கு முறை வருவதாகச் சொன்னார். ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்று முறை வந்தார்," என்றது கப்பல். "நம்பத் தகுந்தவர்."

டெல்பின் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மணி பன்னிரண்டு இருபது. அழுவதற்கு அது நேரமில்லை.

"முக்குளிப்பான். வாரேன்னா எங்க வாரேன்?"

"புரியவில்லை."

"இந்தத் துறைமுகத்துக்கு வாரேன்னா சொன்னாங்க? உன்கிட்ட வாரேன்னுதான சொன்னாங்க?"

"ஆம். என்னிடம்."

"அப்ப நீ எங்க இருந்தாலும் அங்கதான வரணும்? நீ இங்கயே கெடக்கணும்னு என்ன?"

கப்பல் நான்கு விநாடி பேசாமல் இருந்தது. நாட்டிலுள்ள லிஃப்டுகள் எல்லாம் அந்த நான்கு விநாடி தயங்கி நின்றதாகப் பிறகு சொன்னார்கள்.

"சரி," என்றது. "கதவை மூடிக்கொள்ளுங்கள்."

நெல்லையப்பன் துள்ளி வெளியே வந்தார். "வரமாட்டேன்" என்று கத்திவிட்டு, அடுத்து "வாரேன்" வந்துவிடாமல் இரண்டு கையாலும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பன்னிரண்டு நாற்பதுக்கு, பதினான்கு வருடத்துப் பாசியை உதறிக்கொண்டு முக்குளிப்பான் துறைமுகத்தை விட்டு வெளியேறி முங்கியது. உள்ளே டெல்பின் ஒருத்தி.

போன விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டே காலுக்குச் சிப்பியின் மேல் போய் நின்றது, கருவாட்டுக் கூடையில் மூடி உட்காருகிற மாதிரி வாயோடு வாய் பொருந்தியது. கதவு திறந்ததும் ரெமி முதல் ஆளாக வராமல், காயல்பட்டினத்து ஷம்ஷாத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். மண் சரிந்தபோது அவளுக்கு விலாவில் அடி. மூச்சு விசில் அடிக்கிற மாதிரி வந்தது. பின்னால் மூன்று பேர்.

"மேல போ," என்றாள் டெல்பின்.

"இப்போது வேண்டாம்," என்றது கப்பல்.

"ஏன்?"

"நான் எங்கே இருந்தாலும் அவர்கள் வருவார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். நான் இங்கே இருக்கிறேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் இந்நேரம் இங்கே வரப் புறப்பட்டிருப்பார்கள். நாம் மேலே போனால் வழியில் தவறவிடுவோம்."

ரெமி அக்காவைப் பார்த்தான். "யாருக்கா வாராங்க?"

"செத்தவங்க."

"ஓ," என்றான் ரெமி. பிறகு கதவைப் பார்த்தான். பிறகு அக்காவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டான்.

கப்பலில் காற்றைச் சுத்தம் செய்கிற உப்பு பதினான்கு வருடப் பழசு. ஒருத்திக்குப் போதும், ஆறு பேருக்கு இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது. டெல்பின் அதட்டினாள். கெஞ்சினாள். வெள்ளோட்டக் காலத்தில் அதற்கு எண்ணெய் போட்டதையெல்லாம் சொல்லிக் காட்டினாள். ரெமி அதற்கு இங்கிலீஷில் உத்தரவு போட்டுப் பார்த்தான். மற்ற மூவரில் ஒருவர் மண்டியிட்டு ஜெபம் செய்தார். கப்பல் குறுக்கிட்டு, "இவரும் யாருக்காகவோ காத்திருக்கிறாரா?" என்று அக்கறையாகக் கேட்டது.

மூன்றரை மணி. எல்லோருக்கும் தலை இடித்தது. வாய் உலர்ந்தது. ஷம்ஷாத் கண்ணை மூடிக்கொண்டே முனகினாள்:

"எங்க வாப்பாவும் அந்தக் கணக்குல இருக்காக. பேத்தியைக் கூட்டிட்டு வந்தாகல்லா."

"அவர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேட்டது கப்பல்.

கப்பல் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. வருவாரா மாட்டாரா என்பதைத் தவிர கணக்கில் இருந்த யாரைப் பற்றியும் அது எதுவும் கேட்டதில்லை.

ஷம்ஷாத் விரலை உயர்த்தி மேலே காட்டினாள். கப்பலுக்குக் கண் இல்லை என்று ஞாபகம் வந்தது. "மேல," என்றாள்.

டெல்பின் அதைப் பிடித்துக்கொண்டாள். "ஆமா! மேலதான் இருக்காங்க! எல்லாரும் மேல போயிட்டாங்க!"

"அறுநூற்றுப் பன்னிரண்டு பேருமா?"

"எல்லாரும்!" என்று ஆறு பேரும் கத்தினார்கள். அதில் இரண்டு மூன்று மதம் இருந்தது. எதெதற்கோ அடித்துக்கொள்கிற மதங்களுக்குள் திசையில் மட்டும் தகராறு இல்லை.

"அவர்களால் கீழே வர முடியாதா?"

"முடியாது. நீதான் மேல போகணும்!"

"இதை முன்பே சொல்லியிருக்கலாம்," என்றது கப்பல். சிப்பியை விட்டுக் கழன்று மேலே கிளம்பியது.

நாலேகாலுக்கு வெயிலில் வந்து மிதந்தார்கள். கதவைத் திறந்ததும் காற்று அருவி மாதிரி கொட்டியது. ரெமி வாயைத் திறந்து அதைக் குடித்தான். நெல்லையப்பன் மீட்புப் படகில் காத்திருந்தார். ஓட்டுநர் இல்லாத, ஏழு பேர் போகிற சின்னப் படகு. ஐவரையும் அதில் இறக்கினார்கள். டெல்பின் கடைசியாக ஏணியில் கால் வைத்தபோது கப்பலுக்கு அடியில் தடதடவென்று சத்தம்.

முங்குவதற்காக வைத்திருந்த அடிப்பாரங்களைக் கப்பல் கழற்றி விட்டுக்கொண்டிருந்தது. பிறகு நங்கூரம் போனது. பிறகு குடிதண்ணீரைக் கொட்டியது. முக்குளிப்பான் தண்ணீரில் வாத்து மாதிரி எழும்பிச் சாய்ந்தது.

"என்ன செய்யுத?"

"மேலே போகிறேன்," என்றது. "இங்கே அவர்கள் இல்லை. இன்னும் எவ்வளவு மேலே?"

அதன் ஆண்டெனா தண்ணீருக்கு வெளியே வந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. தாய் கற்ற பாடம் ஊர் முழுக்கப் போயிருந்தது. நெல்லையப்பனின் கைபேசி ஓயாமல் அலறியது. கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. "மேடம், லிஃப்ட் எல்லாம் ஆளோட மொட்டைமாடிக்குப் போய் நிக்குதாம். இறங்க மாட்டேங்குதாம். மதுரையில தீயணைப்பு வண்டி ஏணியை நீட்டினது மடக்க முடியலையாம்."

ரெமி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நாலரை மணி சென்னை விமானம் அது. இந்நேரம் வாகைக்குளம் ஏர்போர்ட்டுல இறங்கணும்."

வெள்ளைக் கோடு ஒன்று செங்குத்தாக மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

அதில் நூற்றெண்பது பேர். நாடு முழுக்க அந்நேரம் வானத்தில் எத்தனை விமானம் என்று எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

"முக்குளிப்பான், கேளு," என்றாள் டெல்பின். "அவங்க மேல இல்ல."

"மேலே இல்லையென்றால் கீழேயா?"

மண்டியிட்டு ஜெபம் செய்தவர் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். கீழே என்றால் அந்த விமானம் என்ன செய்யும் என்பது ஒரு பக்கம். தன் வாயால் கிளமெண்டைக் கீழே என்று சொல்ல டெல்பினுக்கு வரவில்லை. மேலே என்றும் சொல்ல முடியாமல், கீழே என்றும் சொல்ல முடியாமல் அவள் தவித்தாள். புருஷன் போன அன்று துக்கத்துக்கு வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஆள் சொன்னது ஒன்று உண்டு. அதைச் சொன்னாள்.

"அவங்க எங்கயும் போகல. எங்க எல்லார் கூடவும்தான் இருக்காங்க. இங்கதான் இருக்காங்க."

"வந்துவிட்டார்களா?"

"வந்துட்டாங்க."

கப்பலுக்குள் பலகையில் எண் பூஜ்யமானது. வானத்தில் வெள்ளைக் கோடு மெல்ல வளைந்து, கீழ்நோக்கித் திரும்பியது. ரெமி படகின் அடியில் மல்லாக்கப் படுத்துச் சிரித்தான். நெல்லையப்பன் வெட்கமில்லாமல் அழுதார். டெல்பின் படகில் இறங்கி, ஷம்ஷாத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்கு," என்றாள்.

"மன்னிக்கவும்," என்றது படகு. "இந்தப் படகில் ஏழு பேர்தான் போகலாம். இப்போது அறுநூற்றுப் பத்தொன்பது பேர் இருக்கிறீர்கள். அதிகமானவர்கள் இறங்கவும்."

வேறு படகை அழைக்கலாமென்றால் எல்லாப் படகும் அதே மூளை. நாட்டில் எந்த லிஃப்டும் இப்போது ஓர் ஆளைக்கூட ஏற்றவில்லை என்று நெல்லையப்பன் மெதுவாகச் சொன்னார். யாரையும் தனியாள் என்று அது ஒத்துக்கொள்ளவில்லையாம்.

ஷம்ஷாத்தின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அவள்தான் தொடங்கினாள். "வாப்பா… நீங்க இறங்குங்க வாப்பா."

"நன்றி. இறங்கும்போது அவர் என்ன சொன்னார்?" என்றது படகு. "வருவதாகச் சொன்னாரா?"

ஷம்ஷாத் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "வரமாட்டேன்னு சொன்னாக," என்றாள்.

"அறுநூற்றுப் பதினெட்டு."

நெல்லையப்பன் கையோடு கொண்டுவந்திருந்த இறப்புப் பதிவேட்டைப் பிரித்தார். அவர் பெயரைப் படிக்க, ரெமி இறங்கச் சொல்ல, மற்றவர்கள் "வரமாட்டேன்னு சொன்னாரு", "வரமாட்டேன்னு சொல்லிட்டா" என்று சாட்சி சொன்னார்கள். பெரியப்பாவை நெல்லையப்பன் தானே எழுந்து நின்று இறக்கிவிட்டார். நடுக்கடலில், நல்ல வெயிலில், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊரின் செத்தவர்களை ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறக்கினார்கள். ஷம்ஷாத்தின் மூச்சு இரண்டு முறை நின்று நின்று வந்தது. கடைசியில் படகு, "எட்டு," என்றது.

நெல்லையப்பன் பதிவேட்டை மூடிவிட்டார். ஒரு பெயரை மட்டும் அவர் படிக்கவேயில்லை.

"எக்கா," என்றான் ரெமி தாழ்ந்த குரலில். "நான் வேணா சொல்லட்டுமா?"

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். மடியில் இருந்த தலையைப் பார்த்தாள்.

"இறங்குங்க, கிளமெண்ட்."

"நன்றி," என்றது படகு. "இறங்கும்போது அவர் என்ன சொன்னார்?"

மூன்று வருடமாக அவள் கட்டிலில் ஒரு பக்கத்தை விட்டுத்தான் படுக்கிறாள். மோர்க்குழம்பு வைத்தால் இரண்டு ஆளுக்குத்தான் வைக்கிறாள். ஷம்ஷாத்தின் மூச்சு விசில் அடித்தது.

"வரமாட்டேன்னு சொன்னாரு," என்றாள் டெல்பின்.

படகு உடனே கிளம்பியது. நல்ல வேகம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ரெமி பார்த்தான். தண்ணீரில் யாரும் இல்லை என்று நன்றாகப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் முன்னால் திரும்பினான்.